அரிவரிப் பிள்ளைகளும் அலுமாரித் திறப்பும்

(வாலிபர் சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



எனக்கு முன் இம்மேடையிற் பேசியோர் வயதாலும் அறிவாலும் என்னிலும் மூத்தவர்கள். நானோ பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன். இளைஞருக்குப் பயன்படும் பொருள் ஏதாயினும் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது, பெரும் பொருள்கள் பல மனத்தில் எழுந்தன. அவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, மூன்றடி உயரமும் நிறையாத சில பேரைப் பற்றிப் பேசத் துணிந்தேன். அவர்கள் நம் புங்குடுதீவுப் பாடசாலையொன்றின் கீழ்வகுப்புப் பிள்ளைகள். பழைய வழக்கிற் சொன்னால் அரிவரிப் பிள்ளைகள். அவர்களிடம் நான் கற்ற பாடம் ஒன்றுண்டு. அதனை உங்கள் முன் ஒப்புவிப்பதே என் நோக்கம்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, அப்பாடசாலையின் நூலகத்தை ஒழுங்குபடுத்தித் தருமாறு என்னைக் கேட்டார்கள். நூலகம் என்றதும் பெரிய மண்டபத்தை நினையாதீர்கள். ஓர் அறை, இரண்டு அலுமாரிகள், ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்ததும், வெறிச்சோடிய வளவுகள் பல இன்றும் அப்படியே கிடப்பதும் நீங்கள் அறிந்தவை. கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் ஊரை மறவாது அனுப்பிய பெட்டிகளிலே, கொப்பிகளோடும் பென்சில்களோடும் புத்தகங்களும் வந்திருந்தன. அவற்றுட் பல பிள்ளைகளுக்கான படப்புத்தகங்கள்.

நான் அந்நூல்களுக்கு இலக்கமிட்டேன், இறப்பர் முத்திரை குத்தினேன், பதிவேடு எழுதினேன், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில் அழகாக அடுக்கினேன். பின்பு கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன். பெரியோர்களே, அந்தத் திறப்பு என் பையிற் கிடந்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? நான் படித்தது மிஷன் பாடசாலை ஒன்றில். அங்கே நல்ல நூலகம் இருந்தது. வாரத்தில் ஒரு பாடவேளை எங்களை வரிசையாக அழைத்துச் செல்வார்கள். இடாப்பு ஒழுங்கின்படி ஆளுக்கொரு புத்தகம் கொடுக்கப்படும். கிடைத்ததை வாய் திறவாமல் வாசிக்கவேண்டும். மணி அடித்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். சிங்கத்தின் கதையைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு அடுத்த வாரம் கப்பலின் கதை கிடைக்கும். சிங்கம் என்னவாயிற்று என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும். அந்த ஒழுங்கு எனக்கு எத்தனையோ நன்மைகளைச் செய்தது, அதை மறுக்கமாட்டேன். ஆயினும், ஒரு புத்தகத்தை என் கையால் நானே தெரிந்து எடுக்கும் இன்பத்தை நான் பதினாறு வயது வரையில் அறிந்ததில்லை. நான் அறியாத இன்பத்தை இந்தச் சின்னஞ்சிறுவர்க்கு எப்படிக் கொடுப்பேன்? எனக்குக் கிடைத்த பூட்டையே அவர்களுக்கும் கொடுத்தேன்.

மறுநாட் காலையில் அலுமாரிக் கண்ணாடி முழுவதும் சின்னச் சின்ன மூக்கு அடையாளங்கள்! இடைவேளையிற் பிள்ளைகள் வந்து கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் துணி கொண்டு துடைத்தேன். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள், பாலர் வகுப்பு ஆசிரியை சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கண்ணாடியைத் துடைக்கிறதிலும் பார்க்கக் கதவைத் திறக்கிறது சுகமெல்லோ?"

திறந்தேன். ஆனால் நிபந்தனைகளோடு திறந்தேன். எல்லோரும் கை கழுவவேண்டும் என்றேன். நல்ல தண்ணீர் அருமையான ஊரிலே, ஒரு வாளித் தண்ணீரில் இருபது பிள்ளைகள் முறைவைத்துக் கை கழுவி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கீழ்த்தட்டிலே இருந்த படப்புத்தகங்களைப் பாயில் பரப்பினோம். "விரும்பினதை எடுங்கோ" என்றார் ஆசிரியை.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய புத்தகங்களும் பளபளப்பான அட்டைகளும் பல இருந்தன. பிள்ளைகளோ ஒரு மெல்லிய புத்தகத்தைச் சுற்றிக் குவிந்துவிட்டார்கள். அதன் பெயர் 'குடைத் திருடன்'. நம் நாட்டின் சிபில் வெத்தசிங்க அம்மையார் சிங்களத்தில் எழுதிப் படமும் வரைந்த 'குட ஹொரா' என்னும் கதை. எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பதிப்பு. ஆசிரியை ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய வசனத்தைத் தமிழில், துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடை என்பதையே காணாத ஒரு கிராமம். மழை பெய்தால் இலைகளையும் சாக்கையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிரி மாமா என்பவர் பட்டணம் போய்க் குடை ஒன்று வாங்கி வருகிறார். ஊரில் இறங்கியதும் கடையில் கோப்பி குடிக்கப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்திற் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி களவு போகிறது. கடைசியாக, குடை மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளை நிரப்பி வைக்கிறார். திருடன் போன வழியெல்லாம் துண்டுகள் சிந்திக் கிடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து காட்டுக்குப் போனால், களவு போன குடைகளெல்லாம் மரத்திலே தொங்குகின்றன. திருடன் ஒரு குரங்கு! கிரி மாமா குடைகளை எடுத்து வந்து ஊரிலே குடைக்கடை வைக்கிறார். வரும்போது குரங்குக்கு ஒரு குடையை விட்டு வருகிறார்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இக்கதையைப் படத்தைக் கொண்டே வாசித்தார்கள். ஒரு பிள்ளை பக்கத்தைப் புரட்ட, மற்றப் பிள்ளைகள் கடதாசித் துண்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். காடு என்றால் என்னவென்று ஒருவன் கேட்க, "எங்கடை பனங்கூடல் மாதிரி, ஆனால் எல்லா மரமும் இருக்கும்" என்று இன்னொருத்தி விளக்கம் கூறினாள்.

ஒரு வாரம் சென்றபின், அதே சிறுமி வேறொரு புத்தகத்தைக் கொண்டு ஓடிவந்தாள். அது வெத்தசிங்க அம்மையாரின் மற்றொரு நூல். வளர்ந்து வளர்ந்து ஊரெல்லாம் ஓடும் தாடி ஒன்றின் கதை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆங்கிலம் அறவே தெரியாது. "அண்ணை, இதையும் அந்தக் குடை அம்மாதானே கீறினவா?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வினவினேன். "ஆக்களின்ரை கண்ணைப் பாருங்கோ, அதே கண்" என்றாள்.

பெரியோர்களே! ஒரு நூலுக்குப் பின்னே ஒரு கை இருக்கிறது, அந்தக் கையை மற்றொரு நூலிலும் காணலாம் என்பதை ஆறு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்தாள். இது பெரிய கண்டுபிடிப்பு. கம்பனையோ பாரதியையோ நாம் 'நம்முடைய கவிஞன்' என்று சொந்தம் கொண்டாடுவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அன்றிலிருந்து அலுமாரியிலே 'குடை அம்மா'வைத் தேடுவதே அவர்களுக்கு விளையாட்டாயிற்று.

அந்தக் குடை அம்மா யார்? 1927 ஆம் ஆண்டு காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டைக் கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே கொழும்புக்குப் போனவர். பதினைந்து வயதளவிலேயே பாடநூல் ஒன்றுக்குப் படம் வரைந்தவர். பின்பு 'லங்காதீப', 'ஜனத' ஆகிய பத்திரிகைகளில் ஓவியராகப் பணியாற்றினார். குடைத் திருடன் கதை 1956 இல் நூலாயிற்று. அதே நூல் 1986 இல் யப்பானிலே சிறந்த பிறநாட்டுச் சிறுவர் நூலாகப் பரிசு பெற்றது. இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் பிள்ளைகளுக்காகச் செய்து, 2020 ஆம் ஆண்டு தமது 92 ஆவது வயதில் மறைந்தார். அவருடைய கடைசிக் காலத்து முயற்சியொன்றை இங்கே கூறவேண்டும். 'வண்டர் கிறிஸ்ரல்' என்னும் கதையைத் தொடங்கி வைத்து, அதை முடிக்கும் பொறுப்பை நாட்டுப் பிள்ளைகளிடம் விட்டார். பிள்ளைகள் எழுதிய 1,250 முடிவுகளோடு அந்நூல் வெளிவந்து உலக சாதனையாகப் பதிவாயிற்று. பிள்ளைகளின் கையிலே கதையையே கொடுத்தவர் அவர். நானோ புத்தகத்தையும் கொடுக்கத் தயங்கினேன்.

இனி, என் உரையின் முக்கிய பகுதிக்கு வருகிறேன். ஒரு நாள் மாலை அலுமாரியைப் பூட்டும்போது 'குடைத் திருடன்' இல்லை. மேசையின் கீழும் பாயின் கீழும் தேடினோம். காணவில்லை. "பார்த்தீரோ? இதற்குத்தான் பூட்டு வேண்டும் என்று சொன்னோம்" என்று சிலர் கூறினர். எனக்கும் கோபம் வந்தது. யாரோ ஒரு பிள்ளை, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மடத்துவெளிப் பக்கமாக ஒரு சிறுவன் போனதைக் கண்டதாகச் சொல்லிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அந்தச் சிறுவன் வகுப்பிலே வாய் திறவாதவன். தாய் தந்தையர் அருகில் இல்லை, அம்மம்மாவோடு வளர்கிறவன். கிடுகு வேலியின் படலையைத் திறந்து உள்ளே போனேன். திண்ணையிலே அம்மம்மா காலை நீட்டி இருக்கிறார்; அவருடைய மடியிலே புத்தகம்; அவன் அருகே குந்தியிருந்து படத்தைக் காட்டிக் காட்டிக் கதை சொல்கிறான். என்னைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அம்மம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அவனை ஏசாதையுங்கோ. எனக்குக் காட்ட எண்டுதான் கொண்டு வந்தவன். நேற்று முழுக்க வாயாலை சொன்னவன். எனக்கு விளங்கேல்லை எண்டுபோட்டு இண்டைக்குப் புத்தகத்தையே கொண்டு வந்திட்டான். இப்ப மூண்டு தரம் சொல்லிப்போட்டான்." பிறகு அவரே தொடர்ந்தார்: "நாங்களும் சின்னனிலை மழைக்குக் கடகத்தைத் தலையிலை கவிட்டுக்கொண்டுதான் தம்பி பள்ளிக்கூடம் போனனாங்கள். உந்தப் படத்திலை இருக்கிறது எங்கடை சனந்தான்."

அவர் எழுத்தறியாதவர். கிந்தோட்டையை அவர் கண்டதில்லை. சிங்களம் ஒரு சொல்லும் அறியார். அந்நூலை ஆக்கிய அம்மையார் பிற மொழியினர், பிற சமயத்தவர். ஆயினும் அந்தப் படத்திலே தம் ஊரையே அவர் கண்டார். வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத பேரன் மூன்று முறை முழுக் கதையும் சொல்லியிருக்கிறான். புத்தகம் களவு போகாதிருந்தால், தலைவர் அவர்களே, இந்தப் பேச்சு அவன் வாயிலிருந்து எந்நாள் வந்திருக்கும்?

நான் புத்தகத்தை வாங்கவில்லை. "நாளைக்குக் கொண்டு வா" என்று மட்டும் சொல்லித் திரும்பினேன். மறுநாள் முதல் மணிக்கு முன்பே கொண்டு வந்தான். பழைய பத்திரிகைத் தாளால் அதற்கு உறை போட்டிருந்தது! அன்றே பதிவேட்டில் புதிய பக்கம் ஒன்று திறந்தோம்: பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் நூல்கள். கையெழுத்து வராத பிள்ளைகள் தங்கள் பெயருக்கு நேரே ஒரு படம் கீறினார்கள். அந்தச் சிறுவன் கீறியது குடை. சில வாரங்களில் அதன் அருகே 'கு' என்னும் எழுத்தும் வந்து சேர்ந்தது.

சபையோர் மனத்தில் எழக்கூடிய ஐயங்கள் சிலவற்றுக்கு விடை கூற விரும்புகிறேன்.

படம் பார்ப்பது படிப்பாகுமா என்பது முதலாவது. ஐரோப்பாவிலே கொமீனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658 ஆம் ஆண்டிலேயே பிள்ளைகளுக்குப் படங்களோடு கூடிய பாடநூல் வெளியிட்டார். பொருளைக் கண்ணாற் காட்டிச் சொல்லைக் கற்பிக்கும் வழி அது. நம்மிடையேயும் ஏடு தொடக்கும் பிள்ளைக்குச் சொல்லைவிட முன்பு கதைதான் பழக்கம். படம் பார்க்கும் பிள்ளை காரணம் தேடுகிறது. அடுத்தது என்ன என்று ஊகிக்கிறது. பின்னே திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கிறது. வாசிப்பு என்பதும் இதுவன்றி வேறென்ன?

பிறமொழியார் நூல் நமக்கு எதற்கு என்பது இரண்டாவது. நம் ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலையிற் கற்றவர். அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். மிஷனரிமார் கையாண்ட அச்சியந்திரத்தைத் தாமும் 1849 இல் நிறுவிச் சைவப் பிள்ளைகளுக்குப் பாலபாடங்களை அச்சிட்டார். நல்ல முறையை எவரிடம் கண்டாலும் எடுத்து, நம் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு ஆக்கிக்கொள்வது அவர் காட்டிய வழி. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரி வெருளியையும் பிள்ளைகளுக்குப் பாட்டாக்கினார். அந்தப் பாட்டும் இந்தப் படமும் ஒரே பாயில் இருக்கட்டும். பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கிழிந்துபோகுமே, தொலைந்துபோகுமே என்பது. இதுவே பெரிய ஐயம். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பராயின. அந்த இழப்பைக் கண்ட மூத்தோர் ஒவ்வொரு தாளையும் நெஞ்சோடு அணைத்துப் பூட்டிவைக்க எண்ணுவது இயல்பே. அந்த அச்சத்தை நான் எள்ளமாட்டேன். ஆயினும் அந்நூலகத்தை அமைக்க ஆலோசனை கூறியவர் யார் தெரியுமா? சீர்காழியிற் பிறந்த நூலகவியல் அறிஞர் சி. இரா. அரங்கநாதன் அவர்கள். 1931 இல் அவர் வகுத்த ஐந்து விதிகளும் ஒரே கருத்தைச் சுற்றி நிற்கின்றன: நூலின் பெருமை அது கைமாறிப் பயன்படுவதில் உள்ளது, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனைத் தேடி நிற்கிறது. பூட்டிய அலுமாரியிலே நூல் எரிவதில்லை, உண்மை. ஆனால் எவரும் வாசியாத நூலால் எவருக்கு என்ன பயன்?

உள்ளதை மறையாமற் சொல்கிறேன். கதவு திறந்தபின் இரண்டு புத்தகங்களின் ஓரம் கிழிந்தது. பசை போட்டு ஒட்டினோம். ஒரு புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. அது எந்த வீட்டில் இருக்கிறது என்பதை நாங்கள் ஓரளவு அறிவோம். கிரி மாமாவும் குரங்குக்கு ஒரு குடை விட்டுத்தானே வந்தார்? அந்த வீட்டிலே ஒரு நூலாவது இருக்கட்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

இறுதியாக, சங்கத்தார் முன் மூன்று சிறு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் ஊர்ப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில், பூட்டில்லாத ஒரு தட்டு அமைப்போம். தச்சுவேலை அறிந்த உறுப்பினர் நம்மிடையே இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உதவும் அன்பர்களிடம், எடைக்கு அனுப்பாமல், ஒரே ஆசிரியரின் நூல்கள் சிலவற்றைச் சேர்த்து அனுப்புமாறு கேட்போம். பிள்ளை ஒரு கையைத் தொடர்ந்து போக வழி உண்டாகும். மூன்றாவதாக, நம் பாட்டிமாரிடம் உள்ள கதைகளை எழுதி, நம் பிள்ளைகளையே படம் கீறச் செய்து, புங்குடுதீவின் படப்புத்தகம் ஒன்றை அடுத்த ஆண்டு மலரோடு வெளியிடுவோம். கடகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன சிறுமியின் கதை அதில் முதலாவதாக இருக்கட்டும். அக்கதையைச் சொல்ல அம்மம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். படம் கீற ஒரு சிறுவன் ஆயத்தமாக இருக்கிறான்.

விடுமுறை முடிந்து நான் புறப்பட்ட அன்று அலுமாரித் திறப்பை ஆசிரியையிடம் ஒப்படைத்தேன். அவர் அதை ஆணியில் மாட்டிவிட்டார். இப்போதும் அது அங்கேதான் தொங்குகிறது என்று அறிகிறேன். கண்ணாடியில் மூக்கு அடையாளங்கள் இல்லை.